இப்படி யாருக்குப் பெயர் இருக்கும்?

புதுப்பட்டினம்
5 ஜூன் 2025

அன்புள்ள வினோதா,

வேலை முடிந்துவிட்டது. கடைசிச் சோதனையும் நேற்று மாலை தேறிவிட்டது. பாக்கி ஒன்றுதான், பெயர். ஐந்து மாதம் நிரல் எழுதியபோதுகூட நான் இப்படித் தவித்ததில்லை. நான்கு நாளாகப் பேப்பரும் பேனாவுமாக வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். “நீ பொறந்து ஒன்னயக் கைல குடுத்ததும் அஞ்சே நிமிசத்துல ஒனக்குப் பேரு வச்சிட்டேன்டே” என்று அப்பா கிண்டல் செய்கிறார். அவர் என்னைக் கேட்காமல் வைத்தார், அதனால் சுலபம்.

உங்களோடு போனில் பேசினால் நான் ஒருவனே பேசிக்கொண்டிருக்கிறேன் என்றும், எழுதினால்தான் உங்களுக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது என்றும் போன மாதம் குறைப்பட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அறிமுகப் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன். சரி பாருங்கள்:

“மருந்து வண்டி கிராமத்துக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பு அங்கே உள்ளவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது: ‘மாத்திரை வேண்டுமா? பெயரோடு பதில் அனுப்புங்கள்.’ பதில்கள் வேணும், வோணும், வேண்டாம், வாணாம், போன மாசத்துதே கீது என்று நூறு விதமாக வருகின்றன. அவற்றைப் படித்து, வேண்டாம் என்றவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களின் பட்டியலைக் கொடுப்பது இந்த மென்பொருள் கூறு. திறந்த மூலம். யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம்.”

இதுவரை இந்த வேலையைச் சாலமோன் அண்ணன்தான் கண் வலிக்க வலிக்கச் செய்துகொண்டிருந்தார். வண்டியையும் ஓட்டி, முந்நூறு செய்தியையும் படித்தால் மனிதர் என்ன ஆவார்? பன்னிரண்டாம் தேதி வண்டிக்கு இது கையில் இருந்தாக வேண்டும் என்கிறார்.

பெயருக்கு வருகிறேன். ‘வேண்டா.’ வேண்டாததை விலக்குகிற கருவிக்கு வேறு என்ன பெயர் வைப்பது! வேண்டாம் என்றால் பேச்சு, வேண்டா என்றால் பழைய தமிழ். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஐந்தே எழுத்து. மென்பொருள்களைப் பதியும் தளத்தில் இந்தப் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், அப்புறம் ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம் நிரலைக் கூப்பிடும். நம்மோடு நிரல் எழுதும் அபிஷேக்குக்கும் அனுவுக்கும் கேட்ட உடனே பிடித்துவிட்டது.

சனிக்கிழமைக்குள் சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தமிழ்வாணன்


நாவலூர்
6 ஜூன் 2025

வாணன்,

மெயிலைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு சிறுசேரி வரை போய்த் திரும்பி வந்தேன்.

அந்தப் பெயர் கூடாது.

சல்லடை என்று வையுங்கள். சேதி, மறுமொழி, பட்டியல், எது வேண்டுமானாலும் வையுங்கள். உங்கள் பெயரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். இது மட்டும் கூடாது. காரணம் கேட்காதீர்கள். ஐந்து மாதத்தில் நான் மறுத்தது இது ஒன்றைத்தான்.

இன்னொன்று. ஏப்ரலில் நான் எழுதிய நான்கு வரிகளை எடுத்திருக்கிறீர்கள். அந்தச் சொல் பெயராக வந்தால் அதை மறுப்பாக எடுக்கக் கூடாது என்ற நான்கு வரிகள். அவற்றைத் திரும்ப வையுங்கள்.

இதையே மூன்று முறை எழுதி அழித்தேன். பக்கத்து சீட்டில் ஆள் வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

வினோதா


புதுப்பட்டினம்
9 ஜூன் 2025

அன்புள்ள வினோதா,

கோபிக்கக் கூடாது. நேற்று வெளியிட்டுவிட்டோம், ‘வேண்டா’ என்றே.

சல்லடையை ஏற்கெனவே ஒருவர் எடுத்திருக்கிறார். சேதி என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. மறுமொழியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அபிஷேக்கும் நானும் அரைமணி நேரம் சண்டை போட்டோம். உங்களுக்கு ஐந்து தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் வாக்குக்கு விட்டோம். மூன்றுக்கு ஒன்று. காரணம் சொல்லியிருந்தால் அதை வைத்து நானே உங்கள் பக்கம் வாதாடியிருப்பேன். காரணமே இல்லாத மறுப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள்.

அந்த நான்கு வரிகளும் அப்படித்தான். அவற்றால் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. எதற்கு இருக்கின்றன என்று புரியாமல்தான் எடுத்தேன்.

நல்ல செய்தியைக் கேளுங்கள். ஒரே நாளில் நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள். ஒருவர், பெயரைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன் என்று எழுதியிருக்கிறார்! உரிமையாளர் பட்டியலில் நம் நால்வர் பெயரும் இருக்கிறது. உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டேன்.

வாணன்


நாவலூர்
10 ஜூன் 2025

வாணன்,

இன்று காலை என் பக்கத்து மேசை சுஷ்மிதா உங்கள் பக்கத்தை எனக்கே திறந்து காட்டினாள்.

“ஏய், இதப் பாரேன். வேண்டாவாம்! எவன்டி இப்படிப் பேரு வெச்சான்? பொறக்கும்போதே வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் எதுக்குப் பெத்தானாம்?”

நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் வெகுநேரம் நின்றேன்.

உரிமையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். இனி எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. போன் செய்ய வேண்டாம். நான் வேண்டாம் என்று எழுதினால் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரியவில்லை. இதுவாவது கேட்கட்டும்.

வினோதா


புதுப்பட்டினம்
17 ஜூலை 2025

வினோதா,

ஐந்து வாரமாக எழுதவில்லை. நீங்கள் கேட்டபடி விட்டுவிட்டேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. முழுதும் படித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாலமோன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “தம்பி, ஒரு அம்மா உழுந்துட்சு. நம்ம லிஸ்ட்டுல இருந்த அம்மா” என்றார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். அறுபது வயது இருக்குமாம். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் நம் வண்டியில் மாத்திரை வாங்குகிறவர். ஜூனிலும் அவருக்குப் பொட்டலம் இல்லை, ஜூலையிலும் இல்லை. திங்கட்கிழமை நூறு நாள் வேலையில் நின்றிருந்தபோது மயங்கி விழுந்து, ஒரு பக்கம் கை வராமல் போய், 108-இல் செங்கல்பட்டு ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று நானும் அண்ணனும் அந்த ஊருக்குப் போனோம். வண்டியிலிருந்து நான் இறங்கியதுதான் தாமதம், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வழிமறித்துக்கொண்டார்.

“நீதான் அந்தக் கம்ப்யூட்டரு ஆளா? எங்க தெரு பொண்ணாண்ட சொல்லி, பேரு போட்டு, வேணும்னு போட்டுத்தான் அனுப்சேன். உங்க ஆளுங்க இன்னாடான்னா, நீ வாணாம்னு சொல்லிட்டியேங்கறாங்க. எம் பேரே வேண்டா தான்யா! மாத்திரைக்குன்னு வேற பேரு வெச்சிகினு வரணுமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா போன பிறகு அண்ணனைக் கேட்டேன்.

“இன்னா தம்பி, இத்தினி வருசமா இந்தப் பக்கம் கீற, இது தெரியாதா? பொண்ணாவே பொறந்துகினு இருந்தா வேண்டான்னு வைப்பாங்க. அடுத்தது பையனாப் பொறக்கும்னு ஒரு நெனப்பு. நம்ம லிஸ்ட்டுலயே நாலு பேரு கீறாங்க. உழுந்தது ஒண்ணு, இப்ப திட்டிட்டுப் போனது ஒண்ணு.”

நாலு பேருக்கும் இரண்டு மாதமாக மாத்திரை இல்லை. மற்ற மூவர் கடையில் வாங்கிச் சமாளித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, நிரலில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று முதலிலிருந்து பார்த்தேன். ‘வேண்டா, மாத்திரை வேணும்’ என்று வந்த பதிலில் முதல் சொல்லைப் பார்த்ததுமே நம் கருவி ஆளைத் தள்ளியிருக்கிறது. உங்கள் நான்கு வரிகள் இருந்திருந்தால் தள்ளியிருக்காது. அவற்றை எடுத்தபோது நான் எழுதி வைத்த குறிப்பு அங்கேயே இருக்கிறது: “தேவையற்றது. இப்படி யாருக்குப் பெயர் இருக்கும்?”

உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, வினோதா?

வாணன்


செங்கல்பட்டு
20 ஜூலை 2025, ஞாயிறு

வாணன்,

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாம்பரம் வண்டி ஒன்று போய்விட்டது. அடுத்ததையும் விட்டுவிடுவேன் போலிருக்கிறது.

உங்கள் மெயில் வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. சாலமோன் அண்ணனிடம் வார்டு எண் கேட்டுக்கொண்டு இன்று காலை அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இடது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். உரித்துக் கொடுத்தேன்.

“நீ யாரு கண்ணு?”

“மருந்து வண்டில வேலை செய்யறவம்மா.”

“கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னாங்க, நான் வாணாம்னு சொன்னேன்னு. நான் இன்னாத்துக்கும்மா வாணாம்னு சொல்லப் போறேன்? ஓசில குடுக்கற மாத்திரைய எவளாவது வாணாம்பாளா?”

“தப்பு எங்க மேலதாம்மா.”

“உம் பேரு இன்னா?”

“வினோதா.”

“நல்லா கீது. யாரு வெச்சாங்க?”

“அப்பா” என்றேன்.

வாணன், என் பெயர் வேண்டா. எஸ். வேண்டா. பிறப்புச் சான்றிதழிலிருந்து டிகிரி வரை அதுதான். வினோதா நான் வைத்துக்கொண்டது. கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், அடையாள அட்டையில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். அப்பா வைத்த பெயரைத்தான் நான்கு வருடமாக ஒளித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மாவிடம், அதுவும் அந்தப் பெயரே உள்ள அம்மாவிடம், ஒரே மூச்சில் இரண்டு பொய்.

எங்கள் வீட்டில் நான் மூன்றாவது பெண். மூத்தவள் பூங்கொடி, அடுத்து விஜயகுமாரி, பிறகு நான். எனக்கு அடுத்த வருடமே ஆனந்தன் பிறந்துவிட்டான். என்னை யாரும் வெறுக்கவில்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். என் பெயர் பலித்துவிட்டது என்று வீட்டில் எனக்குத்தான் செல்லம். அக்காக்கள் இருவரையும் பத்தாவதோடு நிறுத்தினார்கள், என்னை மட்டும் அப்பா கடன் வாங்கி எஞ்ஜினியரிங் சேர்த்தார். அதனாலேயே இந்தப் பெயரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வராது. வெளியில்தான் பாடு. வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பார்த்து “வேண்டா” என்று கூப்பிடுவார். நான் எழுவதற்குள் பின் பெஞ்சு மொத்தமும் “வேண்டாம் சார்” என்று கத்தும். பன்னிரண்டு வருடம். கல்லூரியிலும் அதே கத்தல், குரல்கள்தான் வேறு.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றும் உண்டு. அந்தக் குறிப்பை ஏப்ரலில், நீங்கள் எழுதிய அன்றைக்கே படித்தேன். இப்படி யாருக்குப் பெயர் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கீழே ‘எனக்கு’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். வரிகள் அங்கேயே இருந்திருக்கும். அந்த அம்மா விழுந்திருக்க மாட்டார். என் பெயர் உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜூனிலும் அதையேதான் செய்தேன். வரிகளை எடுத்தது நீங்கள். எடுத்தால் யாரைத் தள்ளும் என்று தெரிந்திருந்தது எனக்கு மட்டும்தான். யார் தப்பு பெரிது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

பையில் ஒரு படிவம் இருக்கிறது. அரசிதழில் பெயர் மாற்றுவதற்கான விண்ணப்பம். பழைய பெயர், புதிய பெயர், எல்லாம் நிரப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் பக்கத்தைப் பார்த்துச் சுஷ்மிதா சிரித்த அன்று நிரப்பியது. இன்று அதை வெளியே எடுக்கவே கை வரவில்லை.

அடுத்த வண்டி வந்துவிட்டது. ஏறுகிறேன்.

உங்களுக்கு எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.


புதுப்பட்டினம்
21 ஜூலை 2025

உங்களை எப்படி அழைப்பது என்று நீங்கள் சொல்லும்வரை பெயர் இல்லாமலே தொடங்குகிறேன்.

போன மெயிலை அனுப்பிய அன்றே உங்கள் நான்கு வரிகளையும் வைத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கான பொட்டலங்களை இன்று காலை அண்ணனும் நானும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நம் நிரலை எடுத்துப் பயன்படுத்தும் பதினொரு குழுக்களுக்கும் என்ன தவறு, யார் செய்தது என்று எழுதிவிட்டேன். என் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். அந்தப் பழைய குறிப்பை அழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

உங்களிடம் காரணம் கேட்டேன். காரணம் சொன்னால்தான் மறுப்பு செல்லும் என்று நினைத்திருக்கிறேன். ஊரார் அனுப்பும் மறுப்பை எல்லாம் நூறு விதத்தில் படிக்கிற நிரலை எழுதினேன். கூட வேலை செய்தவர் ஒரே விதத்தில், தெளிவாக எழுதிய மறுப்பைப் படிக்கத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெயரை மாற்றுகிறோம். அபிஷேக்கிடமும் அனுவிடமும், மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பழைய பெயரில் தேடி வருகிறவர்கள் புதியதற்கு வந்து சேரும்படி ஆறு மாதம் வழி வைப்போம். என்ன பெயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ‘வினோதா’ என்று வைக்கலாமா? நீங்கள் கூடாது என்றால் கூடாது. காரணம் கேட்க மாட்டேன்.

வாணன்


நாவலூர்
28 ஜூலை 2025

வாணன்,

வினோதா என்று வைக்கக் கூடாது. நீங்கள் கேட்க மாட்டேன் என்றாலும் காரணம் சொல்கிறேன். அது எனக்கு வேண்டும்.

அந்த அம்மாவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை ஊருக்குப் போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, இடது கையால் ஒரு பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வா வினோதா. ஆரஞ்சுப் பொண்ணு வந்துட்ச்சு, ஒரு சேரு போடுங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போதே எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அம்மா, அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்ட்டேன். எம் பேரு வினோதா இல்ல. வேண்டா.”

பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீயுமா?”

“ஆமாம்மா.”

“எத்தினியாவது?”

“மூணாவது.”

“மூணுக்கேவா! எங்கப்பன் தேவலாம். நான் அஞ்சாவது.” சொல்லிவிட்டு, கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். “அடுத்தது ஆம்பளப் புள்ள பொறந்துதா?”

“பொறந்துட்டான்.”

“எனுக்கு அடுத்ததும் பொட்டப் புள்ளதான். அது பேரு இன்னான்னு கேளு. ராணி!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுஷ்மிதாவோடு சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இல்லை. சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போய், அவர் தன் வலது கையால் என் முதுகைத் தட்டிக்கொடுக்கும்படி ஆயிற்று.

நான்கு வரிகளைப் பற்றியும், நான் சொல்லாமல் இருந்ததைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். பந்தை மறுபடி அமுக்கத் தொடங்கினார். பிறகு, “சொல்லியிருக்கணும் நீ” என்றார். அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, கேட்டுக்கொள்ள நான் இருக்கிறேன்.

படிவத்தையும் காட்டினேன். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எதற்கு அவரைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“மாத்திக்க. அதுக்கு எவங்கிட்ட கேக்கணும்? எனுக்கு இனிமே ஆவாது. ரேசன் கார்டு, பாங்கி, வேல அட்ட, எல்லாத்துலயும் இதுதான் கீது. எல்லாத்தயும் தூக்கிகினு எவன் அலையறது? ஆனா எம் பேர அந்தக் கம்ப்யூட்டருக்கு வெச்சிகீறீங்களாமே? அத்த எடுத்துடு.”

“எடுத்துட்டு வேற இன்னா வைக்கலாம்?”

“அது இன்னா பண்ணுது?”

“வேணாம்னு சொன்னவங்கள எடுத்துட்டு...”

“வாணாம்னவன் எதுக்கு உனுக்கு? மாத்திர வேணும்னு எவ்ளோ பேரு காத்துகினு கீறோம். வேணுங்கறவங்கள எண்ணு. வேணும்னு பேரு வை.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது வெறும் பெயர் இல்லை, வாணன். நம் நிரலே தலைகீழாக இருக்கிறது. மறுப்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே ஆளைத் தள்ளுகிறோம். அப்படி இருக்கக் கூடாது. மாத்திரை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லாதவர்கள் எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சாலமோன் அண்ணன் போன் செய்து கேட்கட்டும். நாலு பொட்டலம் கூடுதலாகப் போய்த் திரும்பி வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. நேற்று முழுதும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினேன். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

சோதனைகளில் முதலாவதாக அந்த அம்மா அனுப்பிய பதிலையே வைத்திருக்கிறேன், எழுத்துப் பிழையோடு. அது தேறாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகக் கூடாது. யார் வாக்குப் போட்டாலும் சரி. வேணும் என்ற பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லை, பார்த்துவிட்டேன்.

இன்று மதியம் சுஷ்மிதாவிடமும் சொன்னேன். முகம் செத்துப்போய்விட்டது, பாவம். மூன்று முறை சாரி சொன்னாள். இரண்டாவது முறைக்குப் பிறகு நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. படிவத்தை அனுப்புவதற்கு முன்பு ஊருக்குப் போய், நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு போகிறேன்.

நாளை வெளியிட்டுவிடுங்கள். பட்டியலில் என் பெயரைத் திரும்பச் சேருங்கள். எந்தப் பெயரை என்று தயங்க வேண்டாம். அரசிதழில் வரும்வரை சான்றிதழில் இருப்பதைப் போடுங்கள். வந்த பிறகு நானே மாற்றிக்கொள்கிறேன்.

வேண்டா